மெதுவாக வந்தால் விட்டுவிடும்

"டீ ஆறிரும், குடிங்க அண்ணாச்சி" என்கிறீர்கள். மெதுவாகத்தான் குடிப்பேன், இன்ஸ்பெக்டரம்மா. இப்போதெல்லாம் எதையும் வெடுக்கென்று செய்யப் பயமாக இருக்கிறது.

நீங்கள் கேட்கிற சுடலைக்கண்ணு என் சேக்காளி, சின்ன வயசுக் கூட்டாளி. நான் புளுகன் என்பது தென்காசிக்கே தெரியும். ஐந்தருவிக்குப் பின்னால் ஆறாவது அருவி உண்டு, அது கீழிருந்து மேலே விழும், நான் மட்டும்தான் அதில் குளித்திருக்கிறேன் என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பசை விஷயம் அப்படியில்லை. உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் எனக்குப் பசை ஆராய்ச்சிதான். ஓய்வு பெற்றபின் மேலகரத்துக் கொட்டகையில் ஒரு தொட்டி நிறையக் காய்ச்சினேன். பசை என்பது கண்ணுக்குத் தெரியாத நீள இழைகள், அம்மா. சாதாரண இழை இடியாப்பம் மாதிரி. சிக்கினாலும் உருவிக்கொண்டு வந்துவிடும். நான் ஒவ்வோர் இழையின் இரு நுனியையும் சேர்த்து வளையமாக்கினேன். சும்மா கிடந்தால் கஞ்சித்தண்ணி போல ஓடும். வெடுக்கென்று இழுத்தால் வளையத்துக்குள் வளையம் மாட்டிச் சங்கிலியாகிவிடும். கொஞ்சம் அசையாமல் நின்றால் தானே கழன்றுவிடும்.

டீக்கடையில் இதைச் சொன்னேன். சுடலைக்கண்ணு பெஞ்சைத் தட்டிச் சிரித்தான். "ஏலே உச்சிமாகாளி, ஒன் ஆறாவது அருவியக்கூட நம்பிருவேன். பதறுத ஆளா பாத்துப் பிடிக்கப் பசைக்குக் கண்ணு இருக்காலே?"

கடையே சிரித்தது. வாயைத் திறந்து நான் சொன்ன ஒரே உண்மை அது.

மறுநாள் சுடலைக்கண்ணு பசையைச் சோதித்துப் பார்க்கக் கொட்டகைக்கு வந்தான். வேட்டியை மடித்துக் கட்டி, அவனாகத்தான் தொட்டியில் இறங்கினான். நெஞ்சளவு. ஆடி அசைந்து நடந்தான். "எங்கலே பிடிக்கு? பாயாசம் மாதிரில்லா கெடக்கு."

இப்படியே நடந்து ஏறிவிட்டால் நாளைக்கும் கடை சிரிக்கும்.

"பின்னால பாம்புலே" என்றேன். சத்தம்கூடப் போடவில்லை.

துள்ளினான். பசை இடுப்பைப் பிடித்தது. உதறினான், இன்னும் இறுகியது. முகம் குப்புறச் சாய்ந்தது. நிமிர்த்தினான், மறுபடி சாய்ந்தது. அவ்வளவு பயந்த கண்ணை நான் பார்த்ததில்லை. "தூக்கிவிடுலே, உச்சி" என்றான். நான் படியில்தான் நின்றேன், கை எட்டும் தூரத்தில். பசை நான் சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது. அடுத்த முறை சாய்ந்த முகம் நிமிரவேயில்லை.

அன்றிலிருந்து தூக்கத்தில் புரளவும் பயம். புரண்டால் ஏதோ இடுப்பைப் பிடிக்கிறது.

'அசையாம நில்லுலே, விட்டிரும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நாக்கு நுனிவரை வந்தது, அம்மா. ஆனால் நான் சொல்வதைத்தான் அவன் நம்பவே மாட்டானே.