மச்சான் மாட்டிக்கொண்ட கதை

எங்கள் வீட்டில் ஒரு விளக்கைக்கூட யாரும் சுவிட்சைத் தட்டி அணைப்பதில்லை. விளக்கு, மின்விசிறி, டிவி, கதவுப் பூட்டு, கேமரா எல்லாம் என் கைப்பேசி சொன்னபடி கேட்கும், வாயால் சொன்னாலும் கேட்கும். எல்லாம் நானே செய்து இணைத்தவை. உங்கள் ஆட்கள் எந்தக் கம்பெனிச் சரக்கு என்று அட்டைப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்றே இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. ஒருவர் வீட்டில் பூட்டு மக்கர் பண்ணும், இன்னொருவர் வீட்டில் சென்சார் பொய் சொல்லும். கேட்டால் யாராவது வழி சொல்வார்கள். நான் வருஷக்கணக்கில் அங்கே மாங்கு மாங்கென்று பதில் எழுதியவன். சில சமயம் ஒரு நன்றி வரும், பல சமயம் அதுவும் வராது. அந்தக் குழுவில் 'வெட்டிப்பேச்சு' என்று ஒரு பகுதி உண்டு. அங்கே போய் வேலையைப் பற்றிப் பேசினால் திட்டு விழும். ஒருநாள் அங்கே என் மச்சினனைப் பற்றி நாலு வரி எழுதினேன். குளியலறையில் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் விளக்கு தானாக அணையும்படி வைத்திருந்தேன். அவன் கண்ணெல்லாம் சோப்போடு இருட்டில் நின்று, "அத்தான், கரண்ட் போச்சு, கரண்ட் போச்சு" என்று கூவிக்கொண்டிருந்தான். வீடு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது.

மச்சினன் என் மனைவியின் தம்பி. வேலை போன பிறகு எங்களோடு வந்து தங்கினான். தங்கமான பையன், ஆனால் கருவிகளுக்கும் அவனுக்கும் ஆகவே ஆகாது. கதவைப் பார்த்து "திற" என்பான், மின்விசிறி சுற்றும். நான் ஒவ்வொன்றாக எழுதினேன். குழுவில் அவனுக்கு 'மச்சான்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஃபியூஸ் என்ற பட்டப்பெயரில் எழுதுகிற ஒருவர், "மச்சானோட அடுத்த வெர்ஷன் எப்ப வருது?" என்பார். ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, "பாவம், மச்சானைத் திட்டாதீங்க, வீட்டுக்கு ஒரு மச்சான் வேணும்" என்று பரிந்து பேசுவார். ஒரு வாரம் நான் எழுதாவிட்டால் உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். அதற்கு முன் என்னை அப்படி யாரும் விசாரித்ததில்லை.

சிக்கல் என்னவென்றால் அவன் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டான். விளக்கும் விசிறியும் அவன் சொல்பேச்சைக் கேட்க ஆரம்பித்தன. அங்கே எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறார்கள், இங்கே எழுத ஒன்றுமில்லை. அதனால் கொஞ்சம் உதவினேன். அவன் தனியாக இருக்கும்போது ஆபீசில் இருந்தபடி விசிறியை நிறுத்துவேன், டிவியை அலற விடுவேன். "வீட்ல ஏதோ இருக்குக்கா" என்று அவன் என் மனைவியிடம் சொன்னான். அதை எழுதியதற்குக் கிடைத்த சிரிப்பு போல வேறெதற்கும் கிடைத்ததில்லை. பிறகு அவன் சரியாகத் தூங்குவதில்லை. "டாக்டர்கிட்ட காட்டலாமாங்க?" என்று மனைவி கேட்டாள். போகப்போகச் சரியாகிவிடும் என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் ஃபியூஸ் ஒரு கேள்வி போட்டார். "தலைவரே, இதெல்லாம் நீங்களே கட்டி விடுறதுதானே?" பக்கத்தில் கண்ணடிக்கிற பொம்மை வேறு. அதற்கும் நிறையப் பேர் சிரித்திருந்தார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. என்மீது ஆயிரம் குறை சொல்லலாம், பொய்யன் என்று யாரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஒரு முறையைக் கடைப்பிடித்தேன். முதலில் கதையை எழுதிவிடுவேன், பிறகு எழுதியபடியே நடத்துவேன். ஒரு எழுத்து பிசகாது. எந்த நேரத்தில் வெளியாக வேண்டும் என்று சொல்லி வைத்தால் பதிவு தானாகவே வெளியாகும், அந்த வசதி குழுவில் உண்டு. மத்தியானம் நடந்ததைக் காலையிலேயே எப்படி எழுதினாய் என்று நீங்கள் கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில்.

போன வாரம் அவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. என் மனைவி சந்தோஷத்தில் அழுதாள். அவன் துணிகளைத் துவைத்து அடுக்கத் தொடங்கினான், பல நாளைக்குப் பிறகு விசிலடித்தான். அவன் போய்விட்டால் நான் மறுபடியும் சென்சார் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுகிற ஆள்தான். அவன் என் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தான் என்று என் மனைவி இப்போது சொல்கிறாளாம். நான் அவனிடம் மாட்டிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

கடைசியாக ஒரு நல்ல கதையோடு அவனை அனுப்பி வைக்க நினைத்தேன். எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் தட்டுமுட்டுச் சாமான் போடுகிற அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது, உள்ளே போன் எடுக்காது, பூட்டு என் கைப்பேசிக்கு மட்டும்தான் கேட்கும். பெட்டி எடுக்கப் போன மச்சான் உள்ளே மாட்டிக்கொள்கிறார், கதவிடம் கெஞ்சுகிறார், பாட்டுப் பாடிப் பார்க்கிறார், அரை மணி நேரம் கழித்துக் கதவு மனம் இரங்குகிறது. இதுதான் கதை. எழுதி, மத்தியானம் வெளியாகும்படி வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். மனைவி அதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பியிருந்தாள்.

மத்தியானம் அவனைக் கூப்பிட்டேன். "மாப்ளே, படிக்கட்டுக்குக் கீழ பெரிய பெட்டி கெடக்கு. எடுத்துக்கோ, புது ஊருக்கு நல்ல பெட்டியோட போ."

"ரொம்ப தேங்க்ஸ் அத்தான். இப்பவே எடுக்கறேன்."

அந்த அறையில் தூசி அதிகம். அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை, யோசித்தேன். அவனுடைய இன்ஹேலர் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது, கேமராவில் தெரிந்தது. பூட்டினேன்.

அந்த அறையிலும் கம்பி இழுத்து ஒரு கேமரா வைத்திருந்தேன். முதலில் அவன் சிரித்தான். "அத்தான், உங்க கதவு என்னை ஊருக்கு விடமாட்டேங்குது" என்றான். பிறகு தட்டினான். பெட்டியை இழுத்ததில் தூசி எழும்பி இருமல் வந்தது. அதற்குள் பதிவு வெளியாகி, பதில்கள் கொட்ட ஆரம்பித்தன. மச்சான் என்ன பாட்டுப் பாடினார் என்று டீச்சரம்மா கேட்டிருந்தார். ஒரு பக்கம் அதைப் படித்தேன், ஒரு பக்கம் அவனைப் பார்த்தேன். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்கு நேராக வந்து, "அத்தான், விளையாடாதீங்க" என்றான். எல்லாம் என் வேலைதான் என்று அவனுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

என் விரல் திறக்கிற பொத்தான்மேல்தான் இருந்தது. ஆனால் அரை மணி நேரம் என்று எழுதி, அது வெளியாகி, எல்லாரும் படித்தும்விட்டார்கள். பாதியில் திறந்தால் கதை பொய்யாகிவிடும், ஃபியூஸ் சொன்னது உண்மையாகிவிடும். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு படுத்தான். நான் காத்திருந்தேன். அரை மணி முடிந்ததும் ஒரு நொடி தாமதிக்காமல் திறந்தேன். கதவு நன்றாகத்தான் திறந்தது.

அவனை முதலில் பார்த்தது என் மனைவி. அவள் வருகிறவரை நான் யாரையும் கூப்பிடவில்லை, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பூட்டியது நான். திறக்காமல் இருந்ததும் நான். அவன் சாகிறான் என்று தெரிந்தேதான் இருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். என் கைப்பேசியை ஒரு நிமிஷம் தர முடியுமா? அந்தப் பதிவு, 'மச்சான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்' என்று முடிகிறது. அவ்வளவு பேர் படிக்கிற இடத்தில் அந்த ஒரு வரி மட்டும் பொய்யாக நிற்கிறது, அதைத் திருத்திவிட்டால் எனக்கு நிம்மதி.