எங்க வீட்டுக்காரரு கட்டுன கம்ப்யூட்டரு

இல்ல தம்பி, ரெடிமேட் கம்ப்யூட்டரு வேணாம்னு நான் சொல்லவே இல்ல. முதல்லேர்ந்து அதத்தான் வாங்கச் சொன்னேன். இதைக் கட்டுனது எங்க வீட்டுக்காரரு. உங்க கடைகிட்ட பார்க்கிங் தேடிட்டு இருக்காரு, இப்ப வந்துருவாரு. நீங்க தொறந்து பாருங்க.

அசாம் ஜாவாங்கற ஊருலேர்ந்து வர்றோம். ஆயில் மில்லுல ஃபிட்டரா இருந்து ரிடையர் ஆனவரு. சும்மா இருக்கலாம்ல? ஏரோப்ளேன் ஓட்டணுமாம். ஐயோ, நெசம் இல்லலா, கம்ப்யூட்டரு கேம்ல! இத்தனை வயசுக்கும் ஒரு தடவ லங்காவித் தீவுக்குப் ப்ளேன்ல போயிருக்காரு. அதுவும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு.

நான் சொன்னேன், கட்டி வச்சிருக்கறத வாங்கிட்டு வந்து சொருகி ஓட்டுங்கன்னு. ரெடிமேட்ங்கறது டின் சார்டின் மீனு மாதிரியாம், உள்ள என்னத்த அடைச்சிருக்கான்னு தெரியாதாம். சார்டின் டின்ன தொறந்தா சாப்பிடவாச்சும் செய்யலாமேன்னேன். வந்துச்சு பாருங்க கோவம்!

அப்புறம் தினம் ஒரு பெட்டி வருது. சாப்பாட்டு மேசை பூரா அதுதான். நாங்க தரையில உக்காந்து சாப்பிடுறோம். என்னைய டார்ச் புடிக்கச் சொன்னாரு. அதுக்கும் முன்னாடி போயி பைப்பத் தொட்டுட்டு வரணுமாம், என் ஒடம்புல கரண்டு இருக்காம்! கல்யாணமாகி இவ்ளோ நாளா தெரியலயான்னேன்.

சிப்பு சூடாகாம இருக்கத் தடவறதுக்கு ஒரு பசை குடுத்துருந்தான், பட்டாணி அளவு வச்சா போதும்னு. இவரு விபூதி மாதிரி பட்டையா பூசிட்டாரு. நான் தொடைக்கச் சொன்னேன், மாட்டேன்னாரு. ஒரு ஸ்க்ரூ தவறி நான் அரைச்சு வச்ச மொளகாச் சம்பால்ல விழுந்துருச்சு. கரண்டியப் போட்டுத் தேடுனோம். எடுத்து நக்கிப் பார்த்துட்டு, உப்புப் பத்தலங்கறாரு.

கடைசியா சுவிட்ச அமுக்குனா, தைப்பூச ரதம் கணக்கா சிவப்பு, பச்சை, நீலம்! ஃபேன் எல்லாம் சுத்துது. ஸ்க்ரீன் மட்டும் இருட்டு. கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, நேத்து மனசு ஒடஞ்சிட்டாரு. நீ சொன்னதுதான் சரி, கடைல கொண்டுபோயி குடுத்துட்டு ரெடிமேடே எடுத்துருவோம்னாரு.

என்ன? ஒயரு வேற ஓட்டைல மாட்டியிருக்கா? ஸ்க்ரீன் ஒயரா? மேலேர்ந்து எடுத்துக் கீழ சொருகுனா வேல முடிஞ்சிச்சா?

தம்பி, மெதுவாப் பேசுங்க. இருங்க, சொருகாதீங்க. நான் ஒண்ணு சொல்றேன்.

எங்க மக பிரேமலா தனக்குப் புடிச்ச பையனக் கட்டிக்கிட்டா. கல்யாணத்துக்கு இவரு போவல, நான் போனேன். அன்னிக்கு எங்கிட்டப் பேச்ச நிறுத்துனவரு, ரெண்டு வருஷம். டீ வேணும்னா காலி கிளாஸ மேசைல டொக்குன்னு வைப்பாரு. அவ்ளோதான். இந்தக் கம்ப்யூட்டரு சண்டைலதான் தன்னால வாய் தொறந்துச்சு. லீலா, டார்ச்ச நேராப் புடி, லீலா, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நாள் பூரா பேசுறாரு தம்பி. முந்தாநாளு அந்த ஸ்க்ரூவத் தேடும்போது, பிரேமலா இருந்தா டக்குன்னு கண்டுபுடிச்சிருப்பான்னாரு. அவ பேரச் சொன்னாரு.

இது இப்பவே ஓடுனா ஏரோப்ளேன்ல ஏறி உக்காந்துருவாரு. காதுல வேற ஹெட்ஃபோன் மாட்டிக்குவாரு.

அந்த ஒயரு அங்கயே இருக்கட்டும். ரெடிமேட் ஸ்டாக் இல்லன்னு சொல்லுங்க. வீட்ல இன்னும் பத்து நாளு பொறுமையாக் கழட்டிப் பாக்கணும், கூட ஒரு ஆளு இருக்கணும்னு சொல்லுங்க.

அந்தா வர்றாரு. மொகத்தக் கொஞ்சம் கவலையா வச்சுக்குங்க.