கொழுந்து மடுவத்தில் ஆங்கிலம் வளர்த்த பெரிய கிளாக்கர் ஐயாவுக்கு

கணக்கிலே கண்ணும் கருத்துமானவரே! காலம் தவறாக் கடமையாளரே! கடிந்து பேசும்போதும் குரல் உயர்த்தாக் குணக்குன்றே! புகைமலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கராய் விளங்கி, இன்று ஓய்வு பெற்று அட்டனிலுள்ள தங்கள் மகளார் இல்லம் ஏகவிருக்கும் எங்கள் பேரன்புக்குரிய சிதம்பரநாதன் ஐயா அவர்களே! வணக்கம்.

இம்மடலை வாசிக்கும் பேறு, இரண்டாம் கிளாக்கர் முத்துலிங்கமாகிய எனக்குக் கிடைத்தது. கண்டியில் ஓர் அச்சுக்கூடத்தில், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி பாராட்டு மடல்கள் ஆயத்தமாய்க் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி வந்தால் வேலை முடிந்தது என்றேன், ஒருவரும் இணங்கவில்லை. மாதிரிக்கு ஒன்றை வாங்கிப் படித்துப் பார்த்தபின் எனக்கும் மனம் ஒப்பவில்லை. அதில் ஓய்வு பெறுகிறவர் யாராயினும் அவரே கற்பக விருட்சம், அவரே காமதேனு! தாங்களோ ஒரு நாள் லீவுக்கு மூன்று கேள்வி கேட்பவர். காமதேனு அப்படிக் கேட்டதாக நாங்கள் அறியோம். ஆகவே இதை நாங்களே எழுதினோம். தமிழில் எழுதியிருப்பதால் தங்கள் சிவப்புப் பென்சிலுக்கு வேலை இராது என்னும் துணிவும் ஒரு காரணம்.

ஐயா, தாங்கள் ஓய்வு பெறும் செய்தி தொழிலாளர் லயங்களில் பரவியபோது, அடுத்த பெரிய கிளாக்கர் யார் என்று கேட்டவர் வெகு சிலரே. "அப்ப ஞாயித்துக்கெழம வகுப்பு என்னாகுங்க?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையாகிய மடுவத்தை ஞாயிறு பிற்பகல்களில் ஆங்கில வகுப்புக்கென்று துரை விட்டுக்கொடுத்தது தங்கள் ஒருவரின் பொறுப்பை நம்பித்தானே! தாங்கள் போனால் மடுவத்துக்குப் பூட்டு என்று அவர் சொல்லிவிட்டதும், தாங்கள் மீண்டும் போய் மன்றாடியும் அவர் இணங்காததும் யாம் அறிவோம். சென்ற ஞாயிறன்று தாங்கள் கரும்பலகையைத் துடைத்து, "இத்தோட முடிஞ்சிருச்சு. இனிமே வீட்டுல படிங்க" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கண்ணில் சுண்ணாம்புத் தூசி விழுந்ததாகச் சொன்னீர்கள். நாங்களும் நம்பியதாக இருந்துவிட்டோம்.

நன்றி மறவாத நெஞ்சோடு அந்த வகுப்பின் தொடக்கத்தை நினைக்கிறோம். துரைமார் தோட்டத்துக்கு வந்ததும் தமிழ் கற்கிறார்கள். வா, போ, எடு, சுருக்கா என்ற அளவில் அவர்கள் படிப்பு நிறைவு பெற்றுவிடுகிறது. "அவுங்க ஏவுறதுக்குத் தமிழ் படிக்கிறாங்க, நாம பதில் சொல்றதுக்கு இங்கிலீசு படிப்போம்" என்று சொல்லித் தாங்கள் மடுவத்தில் விளக்கு ஏற்றினீர்கள். கங்காணிமாரும் வந்தார்கள், பாக்டரி ஆட்களும் வந்தார்கள், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு பெண்களும் வந்தார்கள். தங்கள் துணைவியார் அழகம்மை அம்மாள் அனைவருக்கும் வெல்லத்துண்டும் பாலில்லாச் சாயத்தண்ணியும் தந்தார்கள். வெல்லத்துக்காகவே வந்து பிறகு இலக்கணத்தில் மாட்டிக்கொண்டவர்களும் இச்சபையில் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை.

கங்காணி மாயாண்டியின் கால் முறிந்த கதையை மட்டும் சொல்லாமல் விட முடியாது. முதல் வருஷம் புத்தகம் காட்டிய வழியே பாடம் நடந்தது. அதிலிருந்த லீவுக் கடிதம் ஒன்றே ஒன்று. காய்ச்சலும் தலைவலியும் என்று எழுதியிருந்தது. எல்லோரும் அதை மனனம் செய்தோம். அடைமழையில் மாயாண்டி வழுக்கி விழுந்து கால் முறிந்து கிடந்தபோது, படித்த படிப்பு வீண்போகாமல் அக்கடிதத்தையே பிழையின்றி எழுதித் துரைக்கு அனுப்பினார். துரையும் பெரிய மனசோடு காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை அனுப்பினார். கட்டுப்போடுவது தாமதமாகி, இன்றுவரை அவர் சற்றே சாய்ந்து நடக்கிறார். தாங்கள் பதறி ஓடிப்போய் ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டபோது அவர் சொன்னது: "பொஸ்தகத்துல காலு இல்லீங்களே ஐயா!"

அன்று எல்லோரும் சிரித்தார்கள். தாங்கள் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, உடம்பின் உறுப்புகளையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டீர்கள். அதன்பிறகு ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு வாக்கியம், சொந்த வாழ்வில் உண்மையாய் நடந்ததைச் சொல்லியாக வேண்டும் என்பது தங்கள் சட்டம். "இலக்கணம் தப்பா இருந்தா திருத்திக்கலாம். நடக்காதத எழுதுனா அடிச்சிருவேன்" என்பீர்கள். மலையேறும்போது மூச்சு வாங்க நிற்கிற இடம் கமா, கூடையை இறக்கி வைக்கிற இடம் முற்றுப்புள்ளி என்று தாங்கள் சொன்னபின் எங்களில் எவருக்கும் அவை மறக்கவில்லை. தங்கள் அதிகபட்சப் பாராட்டு ஒரு "ம்". அந்த ஒரு "ம்" கிடைக்க நாங்கள் வாரமெல்லாம் உழைத்தோம், ஐயா.

தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயா பூரணியைத் தாங்கள் நன்கறிவீர்கள். முன்னெல்லாம் டாக்டர் வந்தால், பிள்ளைகளின் நோயைக் கங்காணி கிளாக்கரிடம் சொல்ல, கிளாக்கர் டாக்டரிடம் சொல்ல, போய்ச் சேருவது வேறு நோயாயிருக்கும். தங்கள் வகுப்புக்கு வந்தபின், "இந்தக் குழந்தை நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை" என்று பூரணியே டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். குழந்தை பிழைத்தது. அதன் தாய் இதோ முன்வரிசையில், அதை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். இதற்கு நன்றி சொல்ல எங்களிடம் தமிழிலும் சொல் இல்லை.

இனித் தாங்கள் அறியாத ஒரு செய்தி. கடந்த வியாழனன்று வீடு பார்க்கத் தாங்கள் அட்டன் போயிருந்தபோது, பூரணி ஆபீசுக்கு வந்தாள். யான் பக்கத்து மேசையில் இருந்தேன். "ஒனக்கு என்னா வேணும்?" என்றார் துரை தமிழில். மடுவத்துச் சாவி வேண்டும், வகுப்பை நானே நடத்துவேன், பொறுப்பும் என்னுடையது என்றாள் அவள் ஆங்கிலத்தில். "யாரு சொல்லிக் குடுத்தது? கிளாக்கரா?" என்றார். யாரும் இல்லை, இது என் வாக்கியம் என்றாள். இரண்டிடத்தில் பிழை இருந்தது. தாங்களாயிருந்தால் பென்சிலை எடுத்திருப்பீர்கள். பொறுப்புக்கு என்ன உறுதி என்று அவர் விடாமல் கேட்க, அவள் நின்று, மூச்சு வாங்கி, சொன்னாள்: "தோட்டத்துப் பிள்ளைகளை எல்லாம் நாள்தோறும் என்னை நம்பி விட்டிருக்கிறீர்கள். ஒரு கொட்டகையை நம்பி விட மாட்டீர்களா?"

துரை மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். வகுப்பு நிற்கவில்லை, ஐயா. வருகிற ஞாயிறும் உண்டு.

தாங்களும் அழகம்மை அம்மாளும் நோயின்றி, குறையின்றி, பேரப்பிள்ளைகளின் கூச்சலைத் தவிர வேறு தொல்லையின்றி நெடுங்காலம் வாழ, இம்மலையில் குடிகொண்டருளும் முருகப்பெருமானை உளமார வேண்டுகிறோம். ஆனால் தங்களை முழுதாக வழியனுப்ப எங்களுக்கு மனமில்லை. அட்டனிலிருந்து ஒரு ஞாயிறு தாங்கள் வர வேண்டும். அதற்குப் பூரணி ஒரு நிபந்தனை விதித்திருக்கிறாள். அதை அவள் சொன்னபடியே வாசிக்கிறேன்:

"ஐயா வந்தா கடைசி பெஞ்சியில ஒக்காரணும்ங்க. நடுவுல ஒண்ணும் பேசப்படாது. எங்க தப்ப நாங்களே திருத்திக்கிறோம்."

இங்ஙனம்,
தங்கள்பால் என்றும் நன்றியுடைய
புகைமலைத் தோட்டத்து உத்தியோகத்தரும்
ஞாயிறு வகுப்பினரும்

டயகம,
ஈஸ்வர வருஷம், மார்கழி மாதம்