ஆறு பக்கத்துக்குப் பதில் ஒரு போட்டோ

தொண்ணூறுகளின் கடைசியில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், என் பின் சீட்டில் மாமனும் மருமகனுமாக இரண்டு பேர். முதலில் காதில் விழுந்தது மருமகன் குரல்.

"பயந்த மூஞ்சி ஒண்ணு கெடச்சாப் போதும் மாமா, குட்டி அம்புட்டும் வித்துரும்."

"ஏலே, இன்டர்நெட்டுல ஆறு பக்கம் எழுதிப் போட்டிருக்கேன். பாட்டன் பூட்டன் வரைக்கும் இருக்கு."

"நாய்க்குத்தான? எவன் படிப்பான்? இதுவரைக்கும் ஒருத்தனும் கேக்கல. குட்டி வளந்துட்டா பொறவு சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டான்."

"அதான்ல எனக்கும் பயமா இருக்கு."

"எழுத்தே வேண்டாம். தாய் நாய் உறுமுது, முன்னால ஒருத்தர் நடுங்கிட்டு நிக்காரு. ஒரே போட்டோ. காவலுக்கு நாய் தேடுறவனுக்கு வேற என்ன வேணும்?"

"நான் நிக்கட்டா?"

"உம்மளப் பாத்தா அது வால ஆட்டும். பழகாத ஆளு வேணும்."

தெருவில் தூங்கும் நாயைத் தாண்டவே எனக்குத் துணை வேண்டும். கம்பியைப் பிடித்திருந்த கை ஆடியது. பஸ்ஸின் மேல் பழி போடலாமென்றால், பஸ் வழியில் ஒரு ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தது.

"மாமா, முன் சீட்டு அண்ணாச்சியப் பாரும். நாயப் பாக்காமலே எப்படி வேத்து ஊத்துது!"

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிக்கெட் எடுத்திருந்த நான் அங்கேயே குதித்து இறங்கினேன். பஸ் நகர்ந்தும் மாமா விடவில்லை. ஜன்னல் வழியே கெஞ்சினார்:

"அண்ணாச்சி, நாயக் கட்டித்தான் போட்டிருக்கு! செத்த நேரம் நின்னுட்டுப் போயிருங்க!"