முழுசு எப்படி மிச்சமாகும்?

ரொம்பக் காலத்துக்கு முந்தி, ஒஹாயோ ஆத்தங்கரையில கெல்டன்னு ஒரு ஊரு. இப்ப நாம இருக்கிற இதே ஊருதான். அப்போ எல்லாம் மண் ரோடு. வெள்ளைக்காரங்க மேட்டுல, கறுப்பர்கள் ஆத்துப் பள்ளத்துல. பனி உருகினா பள்ளத்துல முழங்கால் சகதி.

அந்தப் பள்ளத்துல ஐஷம் டாலிவர்னு ஒருத்தர். ரோட்டுக்குச் செங்கல் பாவுற வேலை. அவரு கொள்ளுப்பேரன் மில்லுல எனக்குப் பக்கத்து மெஷின். அவன் சொன்னதைத்தான் சொல்றேன். குறுக்கே பேசாதீங்க.

ஐஷம் சம்சாரம் லவினியா அப்போ ரெண்டாவது உண்டாகியிருந்தாளாம். பனி உருகுற மாசத்துல பேறுகாலம். அதுக்கு முந்தின வருஷம் அதே மாசம் அடுத்த வீட்டுக்காரிக்கு வலி வந்து, டாக்டர் வண்டி சகதியில மாட்டி, தாயும் புள்ளையும் போச்சு. ஐஷத்துக்கு அதே நெனப்பு.

மேட்டுத் தெருவுக்குச் செங்கல் பாவ ஒரு காண்ட்ராக்டர் வந்தான். "ஐஷம், வேலையை முடி. மிச்சமாகிற செங்கல் பூரா உங்க தெருவுக்கு" அப்படின்னானாம்.

லவினியா கேட்டா: "எழுதி வாங்குனியா?"

"வாயால சொன்னாரு."

"வாய் அவருது. தெரு நம்மது."

இவரு கேட்கல. மத்தவங்க பத்துக்கு ஒண்ணு உடைப்பாங்களாம். இவரு ஒண்ணுகூட உடைக்கல. கூட வேலை செய்றவங்க சிரிச்சாங்க: "என்ன ஐஷம், செங்கலா முட்டையா?"

"முட்டைதான். ஒண்ணு உடைஞ்சா எங்க தெருவுல ஒரு சாண் குறையும்."

உடைச்சவனையும் திட்டித் திட்டி நிறுத்தினாரு. குளிருக்கு முந்தி வேலை முடிஞ்சுது. ரெண்டு வண்டி செங்கல் நின்னுது, அத்தனையும் முழுசு. போய்க் கேட்டாரு.

காண்ட்ராக்டர் சிரிச்சான். "மிச்சம்னா உடைஞ்சது ஐஷம். முழுசு எப்படி மிச்சமாகும்? முழுசு சரக்கு. உடைஞ்சது இருந்தா தாராளமா எடுத்துக்க."

உடைஞ்சது எங்கே இருக்கு? ரெண்டு வண்டியும் அவன் குதிரை லாயத்துக்குப் போச்சு. கூட வேலை செஞ்சவங்க தலையைக் குனிஞ்சு நின்னாங்களாம்.

பனி உருகுச்சு. லவினியாவுக்கு வலி வந்துச்சு. டாக்டர் வண்டி சரிவுல இறங்குச்சு, சக்கரம் புதைஞ்சுது. பாவம், அந்த மனுஷன் இறங்கிச் சகதியில நடந்தே வந்தாராம். வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு உசிரும் போச்சு. மூத்த பொண்ணு மட்டும் மிஞ்சினா.

அடக்கம் முடிஞ்ச மூணாம் நாள், பட்டப்பகல். ஐஷம் சுத்தியலோட மேட்டுத் தெருவுக்குப் போனாரு. காண்ட்ராக்டர் வீட்டு வாசல். தான் பாவின செங்கல்ல ஒரு அடி.

"இது மிச்சமா?"

இன்னொரு அடி.

"இது மிச்சமா?"

இன்னொரு அடி.

"முதலாளி, இது?"

அவன் வாசல்லயே நின்னான். உடைஞ்சதை அள்ளித் தள்ளுவண்டியில போட்டு, சரிவுலேருந்து தன் வீட்டுப் படி வரைக்கும் ஒத்தையடிப் பாதையா ஐஷம் பாவினாரு. முடியறவரை விட்டுட்டு, அப்புறம் போலீஸ் பிடிச்சுது. ஜெயில்லேருந்து வந்தவரு சாகிறவரை செங்கலைத் தொடல.

அதுதான் ஐஷம் சந்து. ஊரெல்லாம் தார் போட்டப்போ, அங்கே மட்டும் சந்துக்காரங்க போட விடல. அந்தச் சந்துல எந்த வீட்டுலயும் மிச்சம்னு சொல்ல மாட்டாங்க. சாப்பாடு மீந்தா, "முழுசு இருக்கு, எடுத்துட்டுப் போ"ம்பாங்க.