கேக்காமச் சொல்லணும்

— அப்போ ரோட்டுல போறவன் எவனோ வாய்க்கு வந்ததைச் சொன்னா நம்புவீங்க, உன் வீட்டுக்காரரு எலியாஸ் செத்துட்டாருன்னு நான் குரான் மேல கை வச்சுச் சொன்னா நம்ப மாட்டீங்க. நல்லாருக்குட்டி சிப்போரா உங்க சட்டம்!

— உன்னை நம்பாம இல்ல சைதூன். நீ எனக்காகச் சொல்லுவ. அதுதான் குழப்பம், கேட்டோ? நீ என் மேல பாசம் உள்ளவ, நான் கெடந்து தவிக்கதைப் பாத்தவ. ரோட்டுல போறவனுக்கு நான் யாருன்னே தெரியாது. அவன் வாயில இருந்து தன்னால விழுந்தா அது உண்மையாத்தான் இருக்கும்னு எங்க சட்டப் புஸ்தகம் தல்மூத்துல ரப்பிமார், எங்க குருமார், சொல்லுதாங்க.

— தன்னாலன்னா எப்படி?

— யாரும் அவனைத் தூண்டக் கூடாது. சாட்சி சொல்லுதோம்ங்கிற நெனப்பே அவனுக்கு இருக்கக் கூடாது. டீக்கடையில உக்காந்து மழையைப் பத்திப் பேசிட்டு இருக்கான்னு வை. பேச்சோட பேச்சா, "பாவம், இன்னாரு செத்துப் போனான், நான்தான் குழி தோண்டினேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போறான். அவ்வளவு போதும், பொண்டாட்டி விதவைன்னு தீர்ப்பாயிரும், அவளுக்கு விடுதலை. அவன் யூதனா இருக்கணும்னுகூட இல்ல.

— அதே ஆளு நாளைக்கு உங்க கோர்ட்டுல வந்து நின்னு, சாட்சி சொல்ல வந்திருக்கேன்னா?

— அப்போ செல்லாது.

— வெளங்குன மாதிரிதான்! போன்ல நீ வாசிச்சுக் காட்டும்போதே நான் கேட்டேம்லா, இந்தப் பெரிய மனுசங்களுக்கு வேற சோலியே இல்லியான்னு. ஒருத்தர் ஆமாங்காரு, ஒருத்தர் இல்லேங்காரு, பின்னால வந்தவரு ரெண்டு பேருமே சரிங்காரு.

— அதுக்குத்தான்டி அதை ஒத்தையில படிக்கக் கூடாதுங்கது. எதுத்துப் பேச ஒரு ஆளு வேணும். அங்க எங்கூட படிக்க வாரவங்க எல்லாம் நான் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவாங்க. உன்னை மாதிரி ஒருத்தியும் மல்லுக்கு நிக்க மாட்டா. இஸ்ரேல்ல உக்காந்துட்டு அச்சன்புதூருக்கு போன் போட்டு தல்மூத் படிச்சவ லோகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

— எங்க வீட்டுக்காரரு குவைத்துல இருந்து கூப்பிட்டா எப்பவும் பிசி, பிசிங்கும். எவகிட்டட்டி இப்படிப் பேசுதன்னு கேட்டாரு. சிப்போராகூட யூதச் சட்டம் படிக்கேன்னேன். மனுசன் ரெண்டு நாளு பேசல.

— அய்யோ!

— சிரி, சிரி. வந்ததுல இருந்து இப்பத்தான் பல்லைக் காட்டுத. இந்தா, சாயா. சட்டி புதுசு, பாலும் கறியும் சேரக் கூடாதுங்குத உன் முறைக்குன்னே வாங்கினது. எங்க கறிச்சட்டி பக்கத்துலகூட அண்ட விடல, பயப்படாமக் குடி. காலையில அருவிக்குப் போனியே, என்னாச்சு?

— ஒண்ணும் ஆகல. சாரல் அடிக்குது, ஆளுக குளிக்காங்க, ஒரு பையன் அம்மா மேல தண்ணியை அடிச்சு விளையாடுதான். நான் அந்தப் படியில போய் நின்னேன். எலியாஸ் துண்டை என் கையில குடுத்த எடம். "தலையைக் காட்டிட்டு வந்துருதேன், நீ சூடா வடை வாங்கி வை"ன்னாரு. நான் வடை வாங்கத் திரும்பினேன் சைதூன். வெள்ளம் எந்தப் பக்கம் வந்துச்சுன்னுகூட நான் பாக்கல.

— வேண்டாம்ட்டி. அதை விடு.

— அன்னைக்குப் போன மத்தவங்க எல்லாரும் கெடைச்சாங்க. அவங்க வீட்டுல அழுதாங்க, எடுத்தாங்க, முடிஞ்சுது. எனக்கு மட்டும் ஒண்ணும் முடியல.

— சரி, நான் ஒண்ணு கேக்கேன். நீ வாசிச்சியே, நாலு கரையும் கண்ணுக்குத் தெரியுத தண்ணின்னா பொண்டாட்டிக்கு விடுதலை, தெரியாத தண்ணின்னா ஆளு வேற கரையில ஏறியிருக்கலாம், அதனால இல்லைன்னு. நம்ம சிற்றாத்துல எங்கன பாத்தாலும் அணைக்கட்டு, மடை, கொளம். இதுல என்ன கரை தெரியாமப் போச்சு? ரப்பிமார் வந்து பாத்தாங்களா?

— இதே வாதத்தை நானும் எழுதிப் போட்டேன். கொளத்துக்கு நாலு கரை உண்டு, சரி. ஆனா சிற்றாறு தாமிரபரணியில சேருது, தாமிரபரணி கடலுக்குப் போவுதே அம்மான்னு ரப்பி சொல்லிட்டாரு. நல்ல மனுசன். சொல்லும்போது அவருக்கே கண்ணு கலங்கிட்டு.

— கலங்கி என்ன செய்ய? இத்தன வருசம் கழிச்சும் ஒருத்தன் வருவானா?

— கப்பல் உடைஞ்ச கதை சொன்னேனே, மறந்துட்டியா? ஒரு ரப்பி கப்பலோட போயிட்டாருன்னு இன்னொருத்தர் நெஞ்சு வெடிக்க அழுதாரு. கரைக்கு வந்து பாத்தா, செத்தவரு பக்கத்துல வந்து உக்காந்து சட்டம் பேசுதாரு. ஒரு பலகையைப் புடிச்சுக்கிட்டு, அலை வரும்போதெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாராம். அதைப் படிச்ச அன்னைக்கு நான் சோறு பொங்கல. வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

— யா அல்லா! இப்படி ஒரு கதையை எழுதி வச்சு மனுசியைக் கொல்லுதாங்களே!

— நான் வகுப்பு எடுக்குத பிள்ளைகளும் இதைத்தான் கேக்குதுக. செல்போன் காலத்துல எதுக்கு கெணத்துல விழுந்தவன் கதை, தண்ணியில போனவன் கதைன்னு. நான் அந்தத் தண்ணிக் கரையிலதான் பிள்ளைகளா நின்னுக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன்.

— ஏட்டி, நேராவே கேக்கேன், கோவிச்சுக்கிடாத. வேற கல்யாணம் ஏதும்...

— போடி! இந்த வயசுலயா? எனக்கு அழணும் சைதூன், அவ்வளவுதான். அழுகதுக்கும் எங்களுக்கு முறை உண்டு. உடுத்தியிருக்குத துணியைக் கிழிக்கணும். ஏழு நாள் தரையில உக்காரணும். ஊரு ஆளுக வந்து பக்கத்துல இருக்கணும், நாமளாப் பேசுத வரைக்கும் அவங்க வாயைத் தொறக்கக் கூடாது. எனக்கு அந்த ஏழு நாள் இல்ல. நான் உக்காந்தா அவரு செத்தாருன்னு ஊரு முடிவு கட்டிரும், அதனால உக்காரக் கூடாதுன்னுட்டாங்க. விதவையும் இல்ல, சுமங்கலியும் இல்ல. யாராச்சும் உங்க வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டா, இன்னைக்கும் பேச்சை மாத்திருவேன்.

— அழாதட்டி. இல்ல, அழு. பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல உக்காந்தவ, உனக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியலியே. ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன். ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னா போதும்னா, அந்த வார்த்தையை எவனாச்சும் சொல்லிட்டுத்தான் போகட்டுமே.

— ஏட்டி! அப்படி நெனைக்கவே கூடாது. நாமளா ஏற்பாடு பண்ணி வாங்கினா அது என்னத்துக்கு ஆகும்? அவரு எங்கயாவது பலகையைப் புடிச்சுக்கிட்டு இருந்தாருன்னா, நானே தண்ணியில தள்ளின மாதிரி ஆயிராதா?

— சரி, சரி. விட்டுட்டேன்.

— லாத்தா! ஏ லாத்தா! கதவைத் தொற, நனைஞ்சுட்டேன்!

— வாரேம்லே, கத்தாத! சிப்போரா, இது யாருன்னு தெரியுதா? என் தம்பி, ஒலி முகம்மது. இத்தன வருசமா ரியாத்துல கெடந்தான், போன மாசம்தான் மொத்தமா வந்து எறங்கினான்.

— சின்ன ஒலியா இது? தலையெல்லாம் நரைச்சிட்டு!

— அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. இந்தாங்க, ரம்புட்டான். நேரா குற்றாலத்துல இருந்து வாரேன். என்ன கூட்டம்ங்கீங்க! வண்டியைத் திருப்ப எடம் இல்ல.

— பேசிட்டு இருங்க. நான் அடுப்பைப் பாத்துட்டு வந்துருதேன். லேய், சும்மா வளவளன்னு பேசி அவளைப் போட்டு அறுக்காத.

— நான் பேசாம யாரு பேச? அக்கா, நம்ம பயலுகளை நீங்க பாக்கணுமே. வழுக்குப் பாறை, அதுல நின்னுக்கிட்டு செல்பி எடுக்கான். போலீசு விசிலு ஊதுதாரு, இவன் அவரையும் சேத்து எடுக்கான். அது கெடக்கட்டும். முந்தி எல்லாம் எங்க செட்டுல பயலுக கயிறு கட்டி எறங்குவோம். தண்ணியில எவனாச்சும் போயிட்டா எங்களைத்தான் கூப்புடுவாங்க.

— அப்படியா.

— ஒரு தடவை பெரிய வெள்ளம் வந்துச்சு பாருங்க. நான் ரியாத்துக்குப் ப்ளைட் ஏறுததுக்குக் கொஞ்சம் முந்தி. தண்ணி வடிஞ்ச பொறகு ஒரு கொளத்து மடையில ஆம்பளை மையத்து ஒண்ணு, செத்த உடம்பு, சிக்கிக் கெடந்துச்சு. என்னக்கா, வாயைப் பொத்திக்கிட்டீங்க?

— ஒண்ணுமில்ல தம்பி. பல்லு வலி. நான் ஒண்ணும் கேக்கல.

— கிராம்பு வைங்க, கேக்கும். அது கெடக்கட்டும். பேரு தெரியல, ஊரு தெரியல. யாரும் தேடியும் வரல. பாத்தா சுன்னத்து பண்ணியிருக்கு. அப்போ நம்ம ஆளுதான்னு ஜமாத்துல வாங்கிட்டோம். முறையாக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுத்தி, தொழுகை வச்சு அடக்கினோம். நானும் மண்ணு அள்ளிப் போட்டேன். நல்ல செவந்த மனுசன், நீளமான மூக்கு. இந்தா, வலது புருவத்துல, இங்கன இருந்து இங்கன வரைக்கும் ஒரு வெட்டுத் தழும்பு. பாவம், யாரு பெத்த பிள்ளையோ.

— எலியாஸ்! எலியாஸ்! என்ற தெய்வமே!

— யா அல்லா, என்னட்டி ஆச்சு?

— சைதூன்! கேட்டியா, இவன் சொன்னதைக் கேட்டியா? கார்க் கதவு பட்டு வந்த தழும்புடி அது! நான் கேக்கல! ஒரு வார்த்தை நான் கேக்கல, அவனாச் சொன்னான்! நீ உள்ள இருந்து கேட்டுட்டுத்தான இருந்த? சொல்லு, நான் ஏதாச்சும் கேட்டேனா?

— இல்லட்டி. நீ கேக்கல.

— சுன்னத்து பாத்து முஸ்லிம்னு நெனைச்சுட்டாங்க. உங்க ஆளுக அவரைக் குளிப்பாட்டியிருக்காங்க, துணி சுத்தியிருக்காங்க, தொழுதிருக்காங்க. அநாதையாப் போகலடி அவரு! மீன் தின்னிருக்கும், நாய் இழுத்திருக்கும்னு நான் நெனைக்காத நாளு இல்ல. இத்தன வருசமும் மண்ணுக்குள்ள நல்லாத் தூங்கியிருக்காரு.

— ஆமாட்டி, நல்லாத் தூங்குதாரு. அழு. அழுது தீத்துரு. ஏ, ஏ, துணியை எதுக்குட்டி கிழிக்க!

— கிழிக்கணும். நெஞ்சுக்கிட்ட கிழிக்கணும். விடு கையை. இதுக்குத்தான நான் இத்தன வருசம் காத்திருந்தேன். அந்தச் சேரை எடுத்துரு, நான் இங்கன தரையிலயே உக்காருதேன். நீதி உள்ள நீதிபதியான ஆண்டவனுக்கு ஸ்தோத்திரம். எலியாஸ், இனி நான் உமக்காக அழலாம். கேட்டோ? இனி எவனும் என்னைத் தடுக்க முடியாது.

— சிப்போரா...

— நீ ஏன்டி கதவுகிட்டயே நிக்குத? நீயும் உக்காரு என் பக்கத்துல. பேசாத, சும்மா உக்காரு. இன்னைக்கே ரப்பிக்குப் போன் போடணும். தன்னால சொன்னான், யாரும் தூண்டல, நான் யாரு பொண்டாட்டின்னே அவனுக்குத் தெரியாதுன்னு சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்.

— இன்னைக்கே எதுக்குட்டி? ரெண்டு நாளு போகட்டுமே. லேய் ஒலி, நீ கெளம்பு. நீ பேசினது போதும், வீட்டுக்குப் போ.

— அவனை எதுக்கு வெரட்டுத? தம்பி, எங்கயும் போகாத. வண்டியை எடு. என்னை அவருகிட்ட கூட்டிட்டுப் போ. எங்க ஆளுக பூ வைக்க மாட்டோம், கல்லு வைப்போம். ஒரே ஒரு கல்லு வச்சுட்டு வந்துருதேன்.

— மழை பெய்யுதுட்டி. நாளைக்குப் போவோம்.

— பெய்யட்டும். தம்பி, நீதானப்பா மண்ணு அள்ளிப் போட்ட? எந்த மையவாடி அது, அவரைப் பொதைச்ச கபரு எங்கன இருக்கு? தெக்குப் பக்கமா, வடக்குப் பக்கமா? மரம் ஏதும் நிக்குதா? ஏன் அவளையே பாக்குத? என்னைப் பாத்துச் சொல்லு.

— லாத்தா, அக்கா இப்படி அழுததைப் பாத்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எந்தக் கபரைக் கொண்டு போய்க் காட்ட நான்? அதை மட்டும் நீ சொல்லித் தரலியே.