இந்த வாரம் சும்மா இருந்தவர்

பாடம் நடத்துவதைவிடப் பிள்ளைகளைக் கைபேசியிலிருந்து நிமிர வைப்பதுதான் கஷ்டம். விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்களும் வாத்தியார் வேலை பார்த்தவர்கள்தானே, உங்களுக்குத் தெரியாததா?

அறுபது பேர் படிக்கும் வகுப்புக்கு இருபது பேர் வருவார்கள். கேள்வி கேட்டால் சுவரோடு பேசுவது போலிருக்கும். அதனால் மதிப்பீட்டு முறையை மாற்றினேன். வகுப்பில் கலந்துகொள்வதற்கு முப்பது மதிப்பெண். வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் பெயர் போடாமல் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும்: 'இந்த வாரம் சும்மா இருந்தவர் யார்?' அதிகம் பேர் எழுதிய பெயரை நான் வாசிப்பேன். அவருக்கு மூன்று மதிப்பெண் குறையும்.

இரண்டே வாரத்தில் வகுப்பு நிரம்பி வழிந்தது. துறைத்தலைவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கடைசிக்கு முந்தைய வரிசையில் ஒரு பெண், சன்னமான குரல். வாரா வாரம் அவள் பெயரைத்தான் வாசித்தேன். நான்காவது வாரத்திலிருந்து வகுப்பே அவளைச் 'சும்மா' என்று கூப்பிட்டது. கெட்ட பிள்ளைகள் இல்லை, தங்கள் பெயர் வராத நிம்மதி.

ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், இந்த வாரம் மூணு தடவை கை தூக்கினேன் சார். ஏன் எல்லாரும் என் பேரையே எழுதுறாங்க? என் ரூம்மேட் கூடவா எழுதுவா?"

"அது அவங்க அபிப்பிராயம்மா. நான் எண்ணிச் சொல்றவன்தானே," என்றேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

பதினொன்றாவது வாரம் விடுதி அறையில் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் அப்பா துறைக்கு வந்தார். "வீட்டுல வாய் ஓயாம பேசுவா சார் எம்பொண்ணு," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பாவமாக இருந்தது.

சீட்டுகளைக் கேட்டீர்கள். பத்து வாரச் சீட்டும் இந்த உறையில் இருக்கிறது. பிரித்துப் பாருங்கள், ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. பாதிப் பேர் வெற்றுத் தாளை மடித்துப் போட்டார்கள். மற்றவர்கள் அவரவர் பெயரையே எழுதினார்கள், கையெழுத்து எனக்குத் தெரியும். ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கப் பிள்ளைகளுக்கு மனசு வரவில்லை. அடுத்தவர்கள்தான் அவள் பெயரை எழுதுகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். யார் பெயரும் அதிகமாக விழாவிட்டால் முறை எப்படி வேலை செய்யும்? எதிர்த்துப் பேச மாட்டாள் என்று அவளை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

தப்பு நடந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆளைத் தேர்ந்ததில்தான் தப்பு. அடுத்த பருவத்துக்கான பட்டியலைப் பார்த்துவிட்டேன். இந்த முறை நல்ல திடமான பையன், தாங்குவான்.